மூன்று முறை அழைத்தும்

ஜூன் 10

இன்றைக்கு முதல் நாள். காலையிலேயே எரிச்சல்.

பயிற்சிக்கு வந்த நான்கு பேரையும் வரிசையாக நிற்க வைத்துப் பெயர், தகப்பன் பெயர் கேட்டார்கள். "பிரம்மசக்தி, சட்டக் கல்லூரி நாலாம் வருஷம். அப்பா பெயர் ஐகோர்ட்துரை" என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. "வீட்லயே ஐகோர்ட்டை வச்சுக்கிட்டு முன்சீப் கோர்ட்டுக்கு எதுக்கும்மா வந்தே?" என்று ஒருவர் கேட்க, மறுபடியும் சிரிப்பு. எங்கள் பக்கத்தில் ஐகோர்ட் மகாராஜா சாமி பெயரைப் பிள்ளைக்கு வைக்காத தெரு உண்டா? சிரித்தவர்களும் இந்தப் பக்கத்துக்காரர்கள்தான். தெரிந்துகொண்டே சிரித்தார்கள்.

"அப்பா என்ன செய்யுதாரு?" என்று அடுத்த கேள்வி. "போக்குவரத்து" என்றேன். அதோடு விட்டார்கள்.

மற்ற மூவரையும் வேறு வேறு கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் முன்சீப் கோர்ட். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு கோர்ட்டில் பயிற்சி என்பது இந்த வருஷம்தான் வந்திருக்கிறது. இதற்கு முன்னால் பயிற்சி என்றால் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் அப்பா காரில் இறங்கி, கோட்டு மாட்டிக்கொண்டு பராக்குப் பார்த்துவிட்டுப் போவது. எங்களைப் போன்றவர்களுக்கு பஸ் காசுக்கே வழி கிடையாது. இப்போது நானும் உள்ளே வந்துவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பாவும் சிரித்தார். இந்த வீட்டில் கோபப்படக்கூடத் துணை கிடையாது.

ஜூன் 13

வந்த நாளிலிருந்து கோணி ஊசியும் நூலும்தான். பழைய வழக்குக் கட்டுகளை அடுக்கித் தைக்க வேண்டும். சாக்கு மூட்டை தைக்கிற ஊசி. நாலு வருஷம் சட்டம் படித்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

தினமும் பயிற்சி அறிக்கை என்று ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஆவணப் பராமரிப்பு முறைகளைக் கற்றுக்கொண்டேன்' என்று எழுதச் சொன்னார்கள். விரலில் ஊசி குத்தியதையும் எழுதவா என்று கேட்டேன். ஒருத்தர் சிரிக்கவில்லை. அப்பா பெயருக்கு அப்படிச் சிரித்தவர்கள்.

ஜூன் 18

ஊசியிலிருந்து விடுதலை. பெஞ்ச் கிளார்க் ஆவுடையப்பன் சார் என்னைக் கோர்ட் ஹாலுக்குள் உட்காரச் சொல்லிவிட்டார். நீதிபதி அம்மாவுக்குக் கீழே, சாருடைய மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

கொம்பையா அண்ணாச்சி கூப்பிடுவதை இன்றைக்குத்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் இங்கே டவாலி. வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை. ஒரு வழக்கு வந்ததும் ஆவுடையப்பன் சார் வழக்குக் கட்டை எடுத்து அம்மா முன்னால் வைத்துவிட்டுப் பெயரைச் சொல்வார். கொம்பையா வாசலுக்குப் போய், வெளியே பார்த்து அந்தப் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். ஆள் வந்தால் வழக்கு நடக்கும். வராவிட்டால் 'மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை' என்று எழுதி, வந்தவன் பக்கமே தீர்ப்பாகிவிடும். எக்ஸ்பார்ட்டி. இந்த வார்த்தை காம்பவுண்டில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும்.

கொம்பையாவுக்கு என்ன தொண்டை! வராந்தா தாண்டி, டைப் அடிக்கிறவர்கள் வரிசை தாண்டி, சைக்கிள் ஷெட் வரைக்கும் போகிறது. வழக்குக்கு வந்தவர்கள் அந்த ஷெட்டில்தான் உட்கார வேண்டும். வராந்தாவில் நின்றால் வக்கீல்கள் விரட்டுவார்கள்.

சாயங்காலம் நான் வழக்கு எண்களை வாசித்துக் காட்டினேன். ஆவுடையப்பன் சார் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "உனக்கு நல்ல பதமான குரல்மா. அதிராமப் பேசுதே. பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. முதல் வருஷம் வகுப்பில் நான் சத்தமாக ஒரு பதில் சொன்னதற்கு, கடைசி பெஞ்சில் ஒருத்தன் பஸ் கண்டக்டர் மாதிரி விசில் அடித்து "ரைட்டு, போலாம்" என்றான். அதிலிருந்து குரலைக் குறைத்துப் பேசிப் பழகினேன். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

ஜூன் 21

இன்று நான் கூப்பிட்டேன்!

கொம்பையா அண்ணாச்சி டீக்குப் போயிருந்தார். வழக்கு வந்துவிட்டது. ஆவுடையப்பன் சார் என்னைப் பார்த்து, "நீ போய்க் கூப்பிடும்மா. மெதுவாக் கூப்பிடு, என்ன? அம்மாவுக்குத் தலைவலி. சத்தமே ஆகாது" என்றார். வாசலில் நின்று மூன்று முறை சொன்னேன். யாரும் வரவில்லை. எக்ஸ்பார்ட்டி.

அரசாங்கம் சம்பளம் கொடுக்க, கோர்ட் வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிறேன். சும்மா வந்து போகிற கோட்டுக்காரப் பிள்ளைகளை இப்படி நம்பி விடுவார்களா?

வீட்டில் சொன்னேன். அப்பா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "கூப்பிடுற வேலையா? ஏளா, அது நம்ம தொழில்லா! வவுத்துல இருந்து எடுக்கணும், தொண்டையில வச்சுக் கத்தக் கூடாது. கடைசி எழுத்தை இழுத்து விடணும். அப்பதான் கடைசியில நிக்கவனுக்கும் கேக்கும்" என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"அது வேற, இது வேற, நீங்க சும்மா இருங்க" என்று கத்திவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இவர் தனியார் வண்டிக்கு "தென்காசி, கடையம்" என்று கூவி ஆள் ஏற்றுவதும் கோர்ட்டும் ஒன்றா? அப்பா தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ஜூன் 27

இன்றும் நான்தான். இப்போதெல்லாம் ஆவுடையப்பன் சார் ஒரு பார்வை பார்த்தால் கொம்பையா அண்ணாச்சிக்கு டீ தாகம் வந்துவிடுகிறது. வயதானவர், பாவம்.

ஜூலை 2

தலை வெடிக்கிறது. எழுதினால்தான் தூங்க முடியும்.

காலையில் ஒரு வழக்கு. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வீடு. அது தன் தாத்தா இடம், குடியிருக்கிற பெண்ணைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு அரிசிக் கடைக்காரர் போட்டது. அவருக்கு வக்கீல் குற்றாலிங்கம். எதிர்த்தரப்பு ஆறுமுகக்கனி. கொம்பையா டீக்குப் போயிருந்தார். நான் வாசலுக்குப் போய் மூன்று முறை கூப்பிட்டேன். வரவில்லை. அவள் வக்கீலும் இல்லை. குற்றாலிங்கம் தயாராகச் சாட்சியோடு வந்திருந்தார். காலையிலேயே விசாரணை முடிந்து, காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பும் ஆகிவிட்டது.

மதியம் அவள் வந்தாள். முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னதும் வராந்தாவில் நின்று கத்தினாள் பாருங்கள்!

"காலையில இருந்து நான் இங்கனதான கிடக்கேன்! ஷெட்டுலதான உக்காந்திருந்தேன்! மூத்திரம் போகக்கூட எந்திக்கலியே! யாரு கூப்பிட்டா என்னைய? எவன் கூப்பிட்டான்?"

போலீஸ்காரர் வந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார். "விடும்யா! பீடி சுத்திச் சுத்தி ஓடு போட்ட வீடுய்யா அது! நான் எங்கய்யா போவேன்?" என்ற சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கொம்பையா என்னைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார்.

நான் மூன்று முறை கூப்பிட்டேன். சத்தியமாக மூன்று முறை. கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்து கத்தினால் நான் என்ன செய்ய? எனக்கு இதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனால் கோபமாகத்தான் இருக்கிறது. அவள் மேல்தான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 5

வக்கீல் குற்றாலிங்கம் எங்கள் ஆபீஸுக்கு அல்வா கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு துண்டு. எனக்கு மட்டும் இரண்டு. "பாப்பாவுக்கு இன்னொண்ணு குடுங்கய்யா. நல்லா வேலை பழகுது" என்றார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 11

ஜெராக்ஸ் கடையில் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு ஜூனியர் வக்கீல்கள். நான் பின்னால் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

"நாளைக்கு அந்தக் கிழவன் மேல நம்ம போட்ட கேஸு வருதுல்லா. பாப்பாவுக்குச் சொல்லியாச்சா?"

"பாப்பாவுக்கு என்னத்தச் சொல்ல? ஆவுடையப்பன்ட்ட சொல்லியாச்சு. கொம்பையா டீக்குப் போயிருவாரு. பாப்பா கூப்பிட்டா பக்கத்துல இருக்க தூணுக்கே கேக்காது!"

சிரித்தார்கள். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அப்படியானால் இந்தக் காம்பவுண்டு முழுக்கத் தெரியும். டீ ஆற்றுகிறவருக்கு, டைப் அடிக்கிறவருக்கு, போலீஸ்காரருக்கு, எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

நான் கூப்பிட்டு இதுவரை ஒருத்தர்கூட வந்ததில்லை. ஒருத்தர்கூட! கொம்பையா கூப்பிட்டால் நொண்டிக்கொண்டாவது வருகிறார்கள். எனக்கு இது ஏன் உறைக்கவில்லை? நம்பி வேலை கொடுத்தார்கள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் குரலைத் தராசில் வைத்துப் பார்த்து, இதுதான் வசதி என்று எடுத்திருக்கிறார்கள். பதமான குரலாம். பெரிய இடத்துப் பிள்ளையாம். தூ!

அந்த இரண்டாவது அல்வாத் துண்டு எதற்கென்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 12

காலையில் போனதும் கொம்பையாவைப் பிடித்தேன். "அண்ணாச்சி, இன்னைக்கும் டீக்குப் போவீயளா?" என்று கேட்டேன்.

அவர் பட்டையைச் சரிசெய்தார். "எனக்கு டீ ஆகாது தாயி. வவுத்துப் புண்ணு. டாக்டர் குடிக்கவே கூடாதுன்னுட்டாரு" என்றார்.

"அப்பறம் எதுக்குப் போறீய?"

"போன்னா போகணும். கடையில சும்மா உக்காந்திருப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஐகோர்ட்துரை மகதான? டெய்லி உங்கப்பா கூவுற வண்டியிலதான் வாரேன். அவரு மகளுக்கா குரல் இல்லைன்னு எனக்கு மொத நாளே சந்தேகம்" என்றார்.

சுற்றும் முற்றும் பார்த்தேன். நல்லவேளை, யாரும் இல்லை.

கிழவர் வழக்கு வந்தது. ஆவுடையப்பன் சார் பார்த்தார். கொம்பையா எழுந்தார். நான் எழவில்லை. "தொண்டை கட்டியிருக்கு சார்" என்றேன். சார் முறைத்தார். நீதிபதி அம்மா நிமிர்ந்து, "என்ன தாமதம்?" என்று கேட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் கொம்பையா போய்க் கூப்பிட்டார். இரண்டாவது கூப்பாட்டிலேயே கிழவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஒரு செருப்பை ஷெட்டிலேயே விட்டுவிட்டார்.

சாயங்காலம் சார் கூப்பிட்டுவிட்டார். "அரசாங்கம் உனக்குச் சம்பளம் எதுக்கும்மா குடுக்கு? சொன்ன வேலையைச் செய்யத்தான? ஓசியில வந்தவன்னா நான் கேக்க மாட்டேன். காசு வாங்குதேல்லா?" என்றார்.

வாங்குகிறேன். அதனால் வாயையும் சேர்த்து விற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வாய்க்குள் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 16

ஆறுமுகக்கனியின் வக்கீல் தமயந்தி அக்காவைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயதுதான். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். மாடியில் சப்-கோர்ட்டில் வேறு வழக்காம். "கீழ கூப்பிட்டாத் தெரியும், ஓடி வந்துரலாம்னு இருந்தேன். கொம்பையா கூப்பிட்டா மாடிக்கே கேக்கும்லா" என்றார்.

"கொம்பையா கூப்பிடல. நான்தான் கூப்பிட்டேன்."

அக்கா பேனாவை மூடினார். "நீயா? பயிற்சிப் பிள்ளையைக் கோர்ட் ஊழியர் வேலைக்கு விடவே கூடாதுன்னு உங்க திட்டத்துலயே இருக்கே. உன்னைய யாரு கூப்பிடச் சொன்னா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. தீர்ப்பை ரத்துச் செய்யச் சொல்லி ஏற்கெனவே மனு எழுதிக்கொண்டிருந்தார். அவள் அங்கேதான் இருந்தாள் என்பதற்குச் சாட்சி இல்லாமல் திணறிக்கொண்டிருந்தாராம். "நீ வந்து சொல்லுவியா? சொன்னா உனக்கு அங்க பிழைப்பு இருக்காது, பாத்துக்க" என்றார்.

"சொல்லுதேன்" என்றேன். அப்போது ரொம்பத் தைரியமாக இருந்தது.

ஜூலை 19

தீர்ப்பை நிறைவேற்றுகிற கோர்ட் அமீனா, ஆறுமுகக்கனி வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். காலி செய்ய மறுத்தால் அடுத்து பூட்டு உடைக்க உத்தரவு. பயிற்சி அறிக்கையில் 'தீர்ப்பு நிறைவேற்றும் முறைகளைக் கற்றுக்கொண்டேன்' என்று எழுதினேன். பேனா முள் காகிதத்தைக் கிழித்துவிட்டது.

ஜூலை 24

விஷயம் ஆவுடையப்பன் சாருக்கு எட்டிவிட்டது. இன்று திட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"நீ உள்ளதைச் சொல்லும்மா, நான் வேண்டாங்கல. கொம்பையா இல்லாதப்ப, ஆர்வத்துல, யாரும் சொல்லாம நானாப் போய்க் கூப்பிட்டேன்னு சொல்லு. குற்றாலிங்கம் ஆட்சேபணை இல்லைம்பாரு. தீர்ப்பு ரத்தாயிரும். அந்தம்மா வீடு அந்தம்மாவுக்கு, உன் பயிற்சி சர்டிபிகேட் உனக்கு. அதை விட்டுட்டு என் பேரை இழுத்தேன்னு வையி, குற்றாலிங்கம் சும்மா இருக்க மாட்டாரு. மேல்முறையீடு அது இதுன்னு வருஷக் கணக்குல இழுப்பாரு. அதுக்குள்ள அமீனா போய்ச் சட்டி பானையைத் தெருவுல வச்சிருவாரு. உன் நாக்கால அந்தப் பொம்பளைக்கு நல்லது பண்ணப் போறியா, கெட்டது பண்ணப் போறியா?"

எவ்வளவு கரிசனம்! அவளுக்குக் குழி தோண்டியவரே அவளுக்காகக் கவலைப்படுகிறார். மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சரி சார்" என்றேன்.

ஜூலை 25

சரி என்றுதானே சொன்னேன். அவளுக்கு வீடு கிடைத்தால் போதாதா? என் மேல் பழி வந்தால் வந்துவிட்டுப் போகிறது. இதில் தப்பென்ன? யாராவது வந்து என்ன தப்பு என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

ஜூலை 31

வீட்டில் அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். தம்பியின் செருப்பை எடுத்து வெளியே எறிந்தேன். அப்பா, "என்னளா, கோர்ட்ல எவனும் ஏதும் சொன்னானா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "நான் வேணா வந்து பேசவா?" என்றார்.

"நீங்க அங்க வரவே கூடாது" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆறுமுகக்கனி மனு விசாரணைக்கு வந்தது. தமயந்தி அக்கா சொல்லி முடித்தார். குற்றாலிங்கம் எழுந்து, "ஆட்சேபணை இல்லைம்மா" என்று குனிந்தார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நீங்களா? தீர்ப்பு வாங்கின நீங்களே ஆட்சேபணை இல்லேங்கறீங்களா?" குற்றாலிங்கம் பல்லைக் காட்டினார். "தெரியாம நடந்துபோச்சும்மா. பயிற்சிக்கு வந்த பிள்ளை ஆர்வக்கோளாறுல தானாப் போய்க் கூப்பிட்டிருக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். "நீதான் கூப்பிட்டியா?"

"ஆமாம்மா."

"நீயாவா?"

ஆவுடையப்பன் சார் கட்டைப் பார்த்தபடி இருந்தார். "...ஆமாம்மா."

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அம்மா விடவில்லை. தமயந்தி அக்காவிடம், "உங்க பார்ட்டி இப்ப எங்க?" என்று கேட்டார். அன்றைக்கு இருந்த அதே ஷெட்டில்தான் என்றார் அக்கா. அம்மா என் பக்கம் திரும்பி, "போ. அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டியோ, அதே மாதிரி இப்ப கூப்பிடு" என்றார்.

வாசலுக்குப் போனேன். ஷெட்டில் அவள் தெரிந்தாள். முதுகு எங்கள் பக்கம். "ஆறுமுகக்கனி... ஆறுமுகக்கனி... ஆறுமுகக்கனி..." என்றேன். அன்றைக்குப் போலவே. வாசலில் நின்ற ஒரு வக்கீல்கூடத் திரும்பவில்லை. அவள் தலை அசையவில்லை.

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆவுடையப்பன் சார் எழுந்து, ரொம்பப் பாவமாக, "அந்தப் பிள்ளைக்குக் குரலே அம்புட்டுத்தாம்மா. இயற்கையிலேயே அப்படி. அதுமேல என்ன குத்தம் சொல்ல முடியும்" என்றார்.

இயற்கையிலேயே!

எனக்குள் என்னமோ அறுந்தது. சர்டிபிகேட், அமீனா, மேல்முறையீடு எல்லாம் எங்கேயோ போய்விட்டன. எனக்கா குரல் இல்லை? யார் மகள் நான்? வாசற்படியில் காலை ஊன்றினேன். வயிற்றிலிருந்து எடுத்தேன். கடைசி எழுத்தை இழுத்து விட்டேன்.

"ஆறுமுகக்கனீஈஈஈ! ஏ, ஆறுமுகக்கனீஈஈஈ!"

டைப் மெஷின்கள் நின்றுவிட்டன. மாடியில் சப்-கோர்ட் ஜன்னலில் தலைகள். டீக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரோடு எழுந்துவிட்டார்கள். ஷெட்டில் அவள் துள்ளி எழுந்தாள். சம்பந்தமே இல்லாத இன்னொரு கனியும் கூடவே எழுந்து நின்றாள். கொம்பையா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

திரும்பி வந்து நின்றேன். மூச்சு வாங்கியது. அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "குரல் நல்லாத்தானே இருக்கு. அன்னைக்கு ஏன் வரல?" என்றார்.

"உங்களுக்குத் தலைவலி, சத்தமே ஆகாது, மெதுவாத்தான் கூப்பிடணும்னு சொன்னாங்கம்மா."

"எனக்கா? எனக்குத் தலைவலின்னு யாரும்மா சொன்னது?"

ஆவுடையப்பன் சார் கட்டைப் பிரித்து எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"பெஞ்ச் கிளார்க் சார்தாம்மா. நானாப் போகல. அவர்தான் போகச் சொன்னாரு. ஒரு நாள் இல்ல, பல நாள். நான் கூப்பிட்ட எந்தக் கேஸுக்கும் யாரும் வந்ததில்ல. நானாப் போனேன்னு சொல்லச் சொன்னதும் அவர்தான்."

என் குரல் குறையவே இல்லை. வராந்தாவுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஆகஸ்ட் 9

உத்தரவு வந்துவிட்டது. தீர்ப்பு ரத்து. அமீனா போகக் கூடாது. வழக்கு முதலிலிருந்து நடக்க வேண்டும். நான் கூப்பிட்ட மற்ற வழக்குகளின் கட்டுகளையும் நீதிபதி அம்மா வரவழைத்திருக்கிறார். குற்றாலிங்கம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. போனால் அவருக்கே வம்பு என்று தமயந்தி அக்கா சொன்னார். அப்படியென்றால் ஆவுடையப்பன் சார் என்னிடம் காட்டியது வெறும் பூச்சாண்டி. அதற்கு நான் 'சரி சார்' என்றிருக்கிறேன்.

அவர்? நகல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதே காம்பவுண்டு, அதே வராந்தா, இரண்டு கதவு தள்ளி. காலையில் என் முன்னாலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். விசாரணை நடக்குமாம். நடக்கும், நடக்கும்.

எனக்குச் சர்டிபிகேட் இல்லை. 'நடத்தை திருப்திகரமாக இல்லை' என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்டவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நோட்டீஸ் போர்டில் இன்னொன்று ஒட்டியிருக்கிறது. இடவசதி இல்லாத காரணத்தால் இந்தக் கோர்ட்டில் இனி ஊதியப் பயிற்சி மாணவர்கள் இல்லையாம். ஒரு ஸ்டூல் போட இடமில்லையாம்! அடுத்த வருஷம் பழையபடி கோட்டுப் போட்ட பிள்ளைகள் காரில் வந்து இறங்குவார்கள். நோட்டீஸைக் கிழிக்கக் கை போனது. கொம்பையா வந்து கையைப் பிடித்து, "போதும் தாயி, வீட்டுக்குப் போ" என்றார்.

ஆகஸ்ட் 10

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. யாரோ கண்டக்டர் போய், "உம்ம மக கோர்ட்ல கூப்பிட்டது ரோட்டுக்குக் கேட்டுச்சாம்லா வே" என்று சொல்லியிருக்கிறார். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காலையில் பல் தேய்க்கும்போது அவராகவே சிரித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் வாய் கொப்பளித்தார்.

ஆகஸ்ட் 14

கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய பேப்பரை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அப்பா பிளாட்பாரத்தில் நின்று கூவிக்கொண்டிருந்தார். எப்போதும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். இன்று நேராக அவரிடம் போனேன். அப்பாவுக்கு ஆச்சரியம். "டீ குடிக்கியா?" என்றார். வேண்டாம் என்று அவர் பக்கத்திலேயே நின்றேன்.

அப்போது ஆறுமுகக்கனி வந்தாள். தலையில் பீடிக் கூடை. என்னைப் பார்த்ததும் நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். 'அதெல்லாம் எதுக்கு' என்று சொல்ல வாயைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

கூடையை இறக்கி இடுப்பில் வைத்தாள். "நீதான கூப்பிட்டவ? வக்கீலம்மா சொன்னாவ. ரெண்டு தரமும் நீதானாம்லா?"

"ஆமாக்கா."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. தூங்கி ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

"பூட்டை உடைக்க வருவான், வருவான்னு வாசல்லயே கிடந்தேன். வயசுப் பிள்ளைய ரெண்டையும் எங்க அக்கா வீட்டுல கொண்டு விட்டேன். அதுகள இன்னும் கூட்டியாரலை, பயமா இருக்கு. ஊரே கேக்கக் கூப்பிட்டியாமே. இந்தத் தொண்டை அன்னைக்கு எங்கட்டி போச்சு?"

அப்பா கூவுவதை நிறுத்திவிட்டார். அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

எங்கே போனது என்று எனக்குத் தெரியும்; முதல் வருஷ வகுப்பில் கேட்ட அந்த விசிலோடு போனது. பக்கத்தில் அப்பா நின்றதால் சொல்லவில்லை.